தலைவிதியும் சோதனை விதியும்

1989-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள். அமெரிக்க நாட்டு அயோவா மாநிலத்திலே, ஆல்டா என்னும் சிற்றூரை அடுத்த மக்காச்சோளக் கொல்லையிலே அறுவடை. கதிரறுக்கும் இயந்திரம் எதிலோ முட்டிக்கொண்டது. பார்த்தால், கல்லல்ல, வேரல்ல, கனத்ததோர் உலோகத் துண்டு, வளைந்த விளிம்பும் முறிந்த அலகுகளின் அடிப்பகுதியுமாகக் கிடந்தது. ஏறத்தாழ மூன்று திங்களாக அந்தத் துண்டைத்தான் தேடிக்கொண்டிருந்தனர். வானிலே சுற்றித் தேடினர். வயல் வயலாக நடந்து தேடினர். கண்டெடுத்துத் தருவோர்க்குப் பரிசும் அறிவித்திருந்தது, அதனைச் செய்து விற்ற ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி.

ஓர் உலோகத் துண்டுக்காக இத்துணைத் தேட்டமா? ஆம்! முறிந்த உலோகம் வாய் திறந்து பேசாது. ஆனால், அந்த முறிவின் முகத்தைப் படிக்கத் தெரிந்தவரிடம் எதையும் மறைக்காது. அவ்வாண்டு ஜூலை 19-ஆம் நாள் மாண்ட மக்கள் ஏன் மாண்டனர் என்ற கேள்விக்குரிய விடை, அந்தக் கொல்லையிலே கிடந்தது.

நம் மொழியிலே 'விதி' என்றொரு சொல் உண்டு. அதற்குப் பொருள் இரண்டு. எவனோ எழுதிவிட்டான், எவராலும் மாற்ற ஒண்ணாது என்று தலையிலே கைவைத்துக்கொள்ளச் செய்வது ஒன்று. மனிதர் கூடி, எண்ணி எழுதி, போதாதெனக் கண்டால் அடித்துத் திருத்தி எழுதுவது மற்றொன்று. கூரை இடிந்தாலும் வண்டி கவிழ்ந்தாலும் முதற்பொருளை நாடி ஓடும் பழக்கம் நம்மவரை விட்டு இன்னும் முற்றாகப் போய்விடவில்லை. விமானம் விழுந்தாலோ, கேட்கவே வேண்டாம்! 'வானத்திலே போனவன் வானத்துக்கே போய்விட்டான்' என்று வேதாந்தம் பேசி முடித்துவிடுவோர் உண்டு. முதற்பொருளைத் தள்ளிவிட்டு, இரண்டாம் பொருளை விமான எஞ்சின் உறுப்புகளுக்காக எழுதியவர்கள், அதை எத்தனை முறை அடித்தெழுத வேண்டியிருந்தது என்பதே ஈண்டு நான் கூற எடுத்துக்கொண்ட வரலாறு.

விழுந்தது, யுனைடெட் ஏர்லைன்ஸ் கம்பெனியின் 232-ஆம் எண் விமானம். டி.சி. 10 என்னும் வகை. இறக்கைக்கு ஒன்றாக இரண்டு எஞ்சின். வாலிலே மூன்றாவது எஞ்சின். டென்வர் நகரிலிருந்து சிகாகோ நோக்கி 296 பேருடன் 37,000 அடி உயரத்தில் சென்றுகொண்டிருந்தபோது, பிற்பகல் 3 மணி 16 நிமிடத்துக்கு, வாற்புறத்திலே வெடிபோல் ஓர் ஓசை. வால் எஞ்சினின் முகப்பில் உள்ள பெரிய விசிறியின் நடுவட்டு பிளந்துவிட்டது. விசிறியின் அலகுகள் அனைத்தையும் பிடித்து நிறுத்தும் வட்டு அது. டைட்டேனியம் கலந்த உலோகம். எடை 370 பவுண்டு. ஓர் அலகு முறிந்து பறந்தால் எஞ்சினின் உறை அதைத் தடுத்துவிடும். வட்டே பிளந்தாலோ, எந்த உறையும் தடுக்காது. தடுக்கும் அளவுக்கு உறையைத் தடிப்பாக்கினால், விமானம் சுமக்க முடியாத பாரமாகிவிடும். ஆகவே, வட்டு பிளந்தால் என் செய்வது என்பதற்குப் பொறியியலாரிடம் இருந்த மறுமொழி ஒன்றே ஒன்று: பிளக்கவே விடக்கூடாது! பிளக்காது என்பதற்குப் பிணை யார்? சோதனையாளர்.

பிளந்த துண்டுகள் வாலிலே ஓடிய எண்ணெய் அழுத்தக் குழாய்களை அறுத்தன. விமானத்தின் இறக்கைத் தகடுகளையும் வால் தகட்டையும் அசைப்பது அந்த எண்ணெயின் அழுத்தந்தான். ஒன்று போனால் மற்றொன்று உதவும் என்று மூன்று தனித்தனி அமைப்புகள் வைத்திருந்தனர். மூன்றும் ஒருசேரப் போவது நடவாத காரியம் என்று கணக்கும் போட்டு வைத்திருந்தனர். நடவாத காரியத்துக்குக் கையேட்டிலே எதற்கு இடம்? ஒரு வரியும் இல்லை! தரையிலிருந்த பொறியியலாரிடம் வழி கேட்டார்கள் விமானத்தினர். அவர்களுக்கும் சொல்லத் தெரியவில்லை. கேப்டன் ஆல்பிரட் ஹேன்ஸும் அவருடைய தோழர்களும், பயணியாக வந்திருந்த விமானப் பயிற்சியாளர் டென்னிஸ் பிட்சும், மிஞ்சிய இரண்டு எஞ்சின்களின் விசையைக் கூட்டியும் குறைத்துமே அந்தப் பெரும் பொறியை முக்கால் மணி நேரம் வானிலே நிறுத்தி, சூ சிட்டி விமான நிலையம்வரை கொண்டுவந்து சேர்த்தனர். தரை தொட்ட நொடியில் இறக்கை மண்ணில் பட்டு, விமானம் உடைந்து தீப்பற்றியது. 112 பேர் மாண்டனர். 184 பேர் பிழைத்தனர். அந்த நால்வரின் ஆற்றலைப் பாராட்டி ஏடுகள் எழுதின, எழுதத்தான் வேண்டும். ஆனால், வீரம் தேவைப்படும் நிலை ஏன் வந்தது என்று கேட்பவர் வேறு சிலர். அவர்களுடைய கதை ஏடுகளில் அவ்வளவாக வருவதில்லை.

வட்டின் பிறப்பைப் பார்ப்போம். டைட்டேனியம், எஃகைவிட எடை குறைந்தது; உறுதியோ உறுதி. ஆனால், உருகிய நிலையில் காற்றிலுள்ள நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் ஆவலுடன் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. அப்படிப் பற்றிக்கொண்ட இடம், கண்ணாடி போல் கடினமாகி, எளிதில் நொறுங்கும் துகளாக நின்றுவிடும். அதனால்தான் காற்றில்லா உலையிலே உருக்குகிறார்கள். இந்த வட்டுக்குரிய பாளம் 1971-இல் அவ்வாறு இருமுறை உருக்கப்பட்டது. இருமுறை போதாது, மும்முறை உருக்கவேண்டும் என்று ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி விதியை மாற்றியது எப்போது? 1972 ஜனவரியில்! ஓராண்டுகூட இல்லை இடைவெளி. பழைய விதியின்படி பிறந்த வட்டுகளைப் புது விதி திரும்பிப் பார்க்கவில்லை. அவை தம் பாட்டுக்குப் பறந்துகொண்டிருந்தன.

பதிவேட்டிலும் ஒரு விந்தை இருந்தது. ஒரே எண் பொறித்த வட்டுகள் இரண்டு கம்பெனியின் ஏடுகளிலே காணப்பட்டன. அவற்றுள் ஒன்று ஒலியலைச் சோதனையில் ஐயத்துக்குரியதாகித் தள்ளப்பட வேண்டியது என்றும் குறிப்பு இருந்தது! இரும்பைச் சோதிப்பவன் ஏட்டையும் சோதிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. கணக்குப்பிள்ளையின் வேலை என்று எவரும் இதை இகழ்ந்துவிட வேண்டாம். எந்தப் பாளத்திலிருந்து எந்த வட்டு பிறந்தது என்று சொல்ல முடியாத இடத்திலே, ஒரு வட்டில் குறை கண்டால் அதன் உடன்பிறப்புகளைத் தேடிப் பிடிப்பது எப்படி?

வட்டின் நடுத்துளைச் சுவரிலே, கடினத் துகள் இருந்த இடத்திலே, ஒரு குழி. நீளம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 55 பங்கு. எள்ளில் பாதிதான் இருக்கும். விமானம் எழும்பும் ஒவ்வொரு முறையும் வட்டு வேகமாய்ச் சுழல, அந்தக் குழியின் முனையிலே வெடிப்பு ஒரு சிறிது நகர்ந்தது. நகர்ந்த இடத்திலே ஒரு வரி விழுந்தது. மரத்தின் அகவை கூறும் வளையங்கள் போல! உருப்பெருக்கியிலே அந்த வரிகளை மதிப்பிட்டனர் ஆய்வாளர். வட்டு தன் வாழ்நாளில் எழுந்து இறங்கிய தடவைகள் 15,503. வரிகளின் மதிப்பீடும் ஏறக்குறைய அதே தொகையைக் காட்டியது! அதாவது, பறக்கத் தொடங்கிய முதல் நாளிலிருந்தே வெடிப்பு வளரத் தொடங்கியிருக்கிறது. 17 ஆண்டுகள்! ஒரே நொடியில் வந்திறங்கிய ஊழ் அல்ல. பதினேழாண்டு வளர்ந்த வெடிப்பு. கண்ணுள்ளோர் கண்டிருக்கக் கூடியது.

கண்டிருக்க வழி இருந்ததா? இருந்தது. அந்த வழியின் வரலாறு சுவையானது. சற்று விரிவாகவே கூறுவேன்.

சட்டிபானை வாங்கும் நம் வீட்டுப் பெண்கள், பானையை விரலால் சுண்டிப் பார்த்து, ஓசை கணீரென்று கேட்டால்தான் காசைக் கொடுப்பர். வெடிப்பு இருந்தால் ஓசை காட்டிக் கொடுத்துவிடும். ரயில் நிலையங்களிலே நின்ற வண்டியின் சக்கரங்களை நெடிய சுத்தியலால் தட்டிக்கொண்டே சென்ற தொழிலாளர் செய்ததும் அந்தச் சோதனையேதான். ரயிலின் வரலாற்றிலேதான் இந்தக் கலை வளர்ந்தது. வளர்த்ததும் ஒரு விபத்தே. 1842-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள், பிரான்சு நாட்டு வெர்சேல்ஸ் நகரிலே மன்னரின் விழாக் கண்டு, பாரிசுக்குத் திரும்பிய மக்களை ஏற்றிவந்த ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்தது. பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறித் தீப்பற்றின. கதவுகளோ வெளியே பூட்டப்பட்டிருந்தன! ஐம்பதுக்கு மேற்பட்டோர் வெந்து மாண்டனர். உறுதியான இரும்பு அச்சு, தாங்கக்கூடிய பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும்போதே முறிவானேன்? மறு ஆண்டே ராங்கின் என்னும் ஸ்காட்லாந்துப் பொறியாளர், முறிந்த அச்சுகளை ஆராய்ந்து, வெடிப்பு சிறுகச் சிறுக உள்நோக்கி வளர்கிறது என்று எடுத்துக்காட்டினார். பின்னர் பிரஷ்ய நாட்டு ரயில் பட்டறையிலே வோலர் என்பார் ஆண்டுக்கணக்கில் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றி ஆராய்ந்து, ஒருமுறை தாங்கும் பளுவைப் பல்லாயிரம் முறை ஏற்றினால் உலோகம் தாங்காது என்ற உண்மையைக் கணக்காகவே வகுத்தார். உலோகமும் களைக்கும்! இன்றளவும் எஞ்சின் உறுப்புகளின் ஆயுளைக் கணக்கிடும் கலைக்கு அதுவே அடிப்படை.

ரயில் பட்டறைகளிலே மற்றொரு முறையும் வழங்கிற்று. அச்சை எண்ணெயில் ஊறவைப்பர், துடைப்பர், பிறகு சுண்ணப்பொடி பூசுவர். வெடிப்புக்குள் புகுந்த எண்ணெய் கசிந்து, வெள்ளைப் பூச்சின்மேல் கறுத்த கோடாகத் தெரியும். எளிய முறை, ஏழைக் கொல்லனும் செய்யக்கூடிய முறை. இந்த எண்ணெய்க்கு ஒளி ஊட்டியவர்கள் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஸ்விட்சர் உடன்பிறந்தார் இருவர். 1933-இல் ராபர்ட் என்ற ஒருவருக்கு வேலைத் தளத்திலே அடிபட, இருட்டறையிலே இருக்கும்படி மருத்துவர் பணித்தார். சோசப் என்ற மற்றவருக்கோ மேடையிலே மாயவித்தை காட்டுவதில் ஆசை. தந்தையின் மருந்துக் கடையிலே இருட்டில் புற ஊதா விளக்கைப் பிடித்துக்கொண்டு, எந்த மருந்து ஒளிர்கிறது என்று இருவரும் தேடினர். ஒளிரும் சாயம் பிறந்தது. முதலில் பயன்பட்டது மாயவித்தை மேடையில்! பின்னர், அதே சாயத்தை வெடிப்புக்குள் புகுத்தினால், இருட்டிலே வெடிப்பு பச்சைக் கோடாக ஒளிரும் என்பதைக் கண்டு, 1941-இல் அதற்கு உரிமைப் பட்டயமும் பெற்றார் ராபர்ட். 1942-இலிருந்து மேக்னாபிளக்ஸ் கம்பெனி அதனை விற்கத் தொடங்கிற்று. போர்க்கால விமானப் பட்டறைகளில் புகுந்தது. காந்தப் பொடியால் வெடிப்பைக் காட்டும் முறை அதற்கு முன்பே உண்டு எனினும், காந்தம் பற்றாத டைட்டேனியத்திடம் அது செல்லாது. மக்களை மயக்க எழுந்த ஒளி, மறைந்த குறையை அம்பலப்படுத்தும் ஒளியாயிற்று. மந்திரத்துக்கு இதைவிட நல்ல மறுபிறவி எங்கே உண்டு!

இந்தச் சாயச் சோதனைக்குத்தான் 232-ஆம் விமானத்தின் வட்டு ஆட்பட்டது. ஒருமுறையல்ல, ஆறு முறை. கடைசி முறை 1988 ஏப்ரலில், சான்பிரான்சிஸ்கோவில் உள்ள யுனைடெட் கம்பெனியின் பட்டறையிலே. அப்போது வெடிப்பின் நீளம் ஏறத்தாழ அரை அங்குலம். எள் அல்ல; அவரைவிதை நீளம்! சாயம் அதற்குள் புகுந்ததா? புகுந்தது! முறிந்த முகத்திலே அந்தச் சாய நீர்மத்தின் வேதிப்பொருள்கள் படிந்திருக்கக் கண்டனர். சாயம் தன் கடமையைச் செய்தது. விளக்கும் இருந்தது. பார்த்தவரும் இருந்தார். கையொப்பமும் இருந்தது. வெடிப்பை மட்டும் எவரும் காணவில்லை. வட்டு எஞ்சினுக்குத் திரும்பி, மேலும் 760 முறை பறந்தது.

சோதனையாளரைப் பிடி, வேலையைவிட்டு நீக்கு என்று கூவிவிட்டுக் கோப்பை மூடிவிடுவது எளிது. எந்த நாட்டு அதிகாரிக்கும் அதுவே வசதி. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அப்படி மூடிவிடவில்லை. வட்டை எப்படி வைத்துப் பார்த்தார்கள் என்று கேட்டது. நடுத்துளை வழியே உறையிட்ட கம்பிவடத்தைக் கொடுத்துத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். வெடிப்பு எங்கே இருந்தது? அதே நடுத்துளைச் சுவரில்! வடம் பட்டிருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டுமானால் வட்டைச் சுழற்றித் திருப்ப வேண்டும். திருப்ப மறந்தால், சாயத்தூள் அங்கே சரியாகப் படியாது போனால், இருட்டறையிலே அந்த இடம் இருட்டாகவே இருந்துவிடும். மேலும், தனியாக நின்று, ஒரே வகை உறுப்புகளை நாள்தோறும் பார்த்து, பல்லாண்டுகளாக ஒரு வெடிப்பும் காணாத கண், 'இதிலும் இராது' என்ற முடிவோடுதான் அடுத்த உறுப்பையும் பார்க்கும். 1990 நவம்பரிலே வெளிவந்த அறிக்கையில் வாரியம் முதற்காரணமாகக் குறித்தது, சோதனை முறையும் தரக்கட்டுப்பாடும் மனித இயல்பின் வரம்புகளைப் போதிய அளவு கருதாமையை. தனி மனிதனின் பாவத்தை அன்று! வாரிய உறுப்பினருள் ஒருவர் அதுவும் போதாதென்று தனிக் கருத்து எழுதினார். வட்டு பிளப்பது அரிதென்றாலும் எதிர்பார்க்கக் கூடியதே. அந்த நிலையிலும் விமானம் தப்புமாறு அமைத்திருக்க வேண்டும். கட்டியவரும் உரிமம் தந்தவரும் தப்ப இயலாது என்பது அவர் வாதம். அவர் பக்கம்தான் நியாயம் கூடுதலாக இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

நண்பர்களே, இங்கேதான் கதையின் நடுநரம்பு. அந்த வட்டுக்கு விதித்திருந்த ஆயுள் 18,000 பறப்பு. அதனை எப்படிக் கணித்தார்கள்? உலோகம் குற்றமற்றது என்று வைத்துக்கொண்டு கணித்தார்கள். குற்றமற்ற உலோகத்திலே எத்தனை பறப்புக்குப் பின் முதல் வெடிப்பு முளைக்கும் என்று ஆராய்ந்து, அதற்கு முன்பே வட்டைக் கழித்துவிடுவது. அதுவரை அஞ்ச வேண்டியதில்லை என்பது. அழகான கணக்குதான். வோலருக்குப் பின்வந்த அறிவெல்லாம் அதில் அடங்கியிருக்கிறது. ஆனால், 'குற்றமற்றது' என்ற முதல் வரி ஆராய்ச்சியன்று, நம்பிக்கை! அந்த நம்பிக்கை 15,503-ஆம் பறப்பிலே வெடித்துச் சிதறியது. ஆய்வுக்கூடத்துக்குள்ளும், அளவுகோல் பிடித்த கையினுள்ளும், ஆராயப்படாத ஒரு நம்பிக்கை நுழைந்து உட்கார்ந்துகொள்ளக் கூடும் என்பதைப் பகுத்தறிவு பேசும் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். வேட்டியும் விபூதியும் தரித்துத்தான் அது வரும் என்று எண்ணிவிடக் கூடாது.

எதிர்க் கொள்கை இது: எந்த வட்டிலும் குறை இருக்கிறது என்றே வைத்துக்கொள். பாளத்திலே பிறந்த குறை, பட்டறையிலே பிறந்த குறை, பறக்கும்போது பிறக்கும் குறை எனப் பிரித்து எண்ணு. குறையுள்ள வட்டு எவ்வளவு விரைவில் வெடிக்கும் என்று கணக்கிடு. அதற்குள் அதைக் கண்டுபிடித்துவிடும்படி சோதனைகளை வகு. முன்னது உறுதியிலிருந்து தொடங்குகிறது. பின்னது ஐயத்திலிருந்து தொடங்குகிறது.

ஐயத்தின் கட்சி உடனே வென்றுவிட்டதா? இல்லை! அமெரிக்கக் கூட்டாட்சி விமான நிர்வாகம், 1990-இல் டைட்டேனியச் சுழலுறுப்புகளை ஆராயக் குழு அமைத்து அறிக்கையும் பெற்றது. கம்பெனிகள் கூடிப் பேசின. பேச்சு நீண்டது. அதற்குள் இன்னொரு வட்டு முந்திக்கொண்டது. 1996 ஜூலை 6-ஆம் நாள், பிளாரிடா மாநிலத்துப் பென்சகோலா நகரிலே, டெல்டா கம்பெனியின் 1288-ஆம் எண் விமானம் தரையிலே ஓடி எழும்பப் போகும் நேரத்தில், இடப்புற எஞ்சினின் விசிறி நடுவட்டு முறிந்து, துண்டுகள் பயணிகளிடையே பாய்ந்தன. ஒரு தாயும் அவருடைய மகனும் மாண்டனர். இம்முறை பாளத்தில் குறையில்லை. உலோகம் தூயது. துளையிடும்போது கருவி மிகச் சூடேறி, துளைச் சுவரின் தன்மையையே மாற்றிவிட்டிருந்தது. பட்டறையிலேயே ஒரு சோதனை செய்திருந்தனர். நிறம் மாறிய இடமும் தெரிந்தது. எனினும், தள்ள வேண்டிய குறைகளுக்கென்று வைத்திருந்த மாதிரிப் படங்களில் எதனோடும் அது ஒத்துவரவில்லை. ஆகவே 'சரி' என்று அனுப்பிவிட்டனர்! படத்தில் இல்லாத நோய் நோயே அல்ல என்ற வைத்தியம்! பிறகு 1995 அக்டோபரிலே டெல்டா பட்டறையின் சாயச் சோதனையிலும் வட்டு தேறியது. வெடிப்பு அப்போதே காணத்தக்கதாய் இருந்தது என்றது வாரியம். கழுவிய ஈரம் துளைக்குள் முற்றும் உலராதிருந்தால் சாயம் வெடிப்புக்குள் புகாது என்பதையும், இவ்வகை வட்டில் வெடிப்பு இராது என்ற எண்ணம் கண்ணை மயக்கியிருக்கலாம் என்பதையும் சுட்டிக்காட்டியது. சூ சிட்டி கற்பித்த பாடத்தின் அதே பக்கம்! ஏழாண்டு கழித்து, வேறு கம்பெனிக்கு.

இதற்குப் பிறகே காரியங்கள் விரைந்தன. எஞ்சினைக் கழற்றி வட்டு தனியுறுப்பாய் வெளிவரும் ஒவ்வொரு முறையும், சாயத்தை மட்டும் நம்பாது, மின்சுழல் முறை போன்ற நுண்ணிய சோதனைகளையும் செய்தே தீரவேண்டும் என்ற ஆணைகள் எஞ்சின் வகைதோறும் பிறந்தன. மின்சுழல் முறை, கண்ணை நம்பாதது. துளைக்குள் நுழையும் சிறு கம்பிச்சுருள், சுவரிலே மின்னோட்டத்தை எழுப்பி, ஓட்டம் வெடிப்பிலே தடுக்கும்போது முள்ளை அசைக்கும். 2001 ஜனவரியில், டைட்டேனிய வட்டுகளில் குறை இருக்கிறது என்று வைத்துக்கொண்டே ஆயுளைக் கணக்கிடும் முறையை நிர்வாகம் எழுத்தில் வகுத்தது. ஒரு வட்டு வெடிக்கும் வாய்ப்பு, நூறு கோடிப் பறப்பில் ஒன்றுக்கு மேற்படலாகாது என்பது அதன் இலக்கு. 2007-இல் 33.70 என்ற எண்ணுள்ள விதி வந்தது. வரைபவர், வார்த்துக் கடைபவர், பராமரிப்பவர் ஆகிய மூவர் வேலைக்கும் மூன்று திட்டங்கள் எழுதி, அவை ஒன்றோடொன்று பொருந்தவேண்டும் என்றது அது. நான் மேலே கூறிய மூவகைக் குறையையும் கணக்கிலெடுத்தே தீரவேண்டும் என்றது. பென்சகோலாவின் அந்தத் துளைக்கு மறுமொழியாக, வட்டிலுள்ள துளைகளைப் பற்றித் தனிக் குறிப்பே 2009-இல் வெளியாயிற்று. 1996-இல் கேட்ட கேள்வி, 2009-இல் விடை. நூறு கோடியில் ஒன்று என்ற எண்ணையும் நாம் அண்ணாந்து பார்த்துக் கும்பிட வேண்டியதில்லை. மூன்று எண்ணெய்க் குழாயும் ஒருசேரப் போகாது என்று சொன்னதும் இத்தகையதோர் எண்தானே!

கும்பிடாமல் இருந்தது நல்லதாயிற்று. 2018 பிப்ரவரி 13-ஆம் நாள், சான்பிரான்சிஸ்கோவிலிருந்து ஹொனலூலு சென்ற யுனைடெட் கம்பெனியின் 777 வகை விமானம், பசிபிக் கடலின்மேல் பறந்துகொண்டிருக்கையில் விசிறி அலகொன்று முறிந்தது. விமானம் நலமே இறங்கிற்று. அந்த அலகு உள்ளே வெற்றிடமுள்ளது. வெடிப்பு உட்சுவரிலே முளைக்கும். வெளியே பூசும் சாயத்துக்கு அது எட்டாது. அதற்கென்றே, எஞ்சினைச் செய்த பிராட் அண்டு விட்னி கம்பெனி ஒரு புது முறை கண்டிருந்தது. அலகை ஒலியலையால் அதிரச் செய்தால், வெடிப்பின் இரு உதடுகளும் உரசிச் சூடேறும். அந்தச் சூட்டை வெப்பம் காணும் கருவி படம் பிடிக்கும். என்னே நுட்பம்! 2010-இலும் 2015-இலும் இந்த அலகைப் படம் பிடித்தனர். இரண்டு படத்திலும் வெடித்த அதே இடத்தில் அறிகுறி தெரிந்தது. வண்ணப்பூச்சின் கோளாறாக இருக்கும் என்று கருதி அனுப்பிவிட்டனர். ஏன்? படம் பார்ப்போர்க்கு முறையான பயிற்சித் திட்டமே இல்லை. ஏன் இல்லை? இது 'புதிதாக வளர்ந்துவரும் தொழில்நுட்பம்' என்று ஏட்டிலே வகைப்படுத்தியிருந்ததால், பயிற்சி விதிகள் அதைக் கட்டவில்லை. 2005-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய முறை, 2018-லும் 'புதியது'! பதின்மூன்று வயதுப் பிள்ளையைத் தொட்டிலிலேயே கிடத்தியிருந்தார்கள்.

அதன்பின் கம்பெனி பழைய படங்களையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அலகுகளின் பதிவுகளை மீண்டும் பார்த்தது. பயிற்சி ஏற்பாடுகளும் நடந்தன. ஆயினும், 2021 பிப்ரவரி 20-ஆம் நாள், டென்வர் நகரிலிருந்து ஹொனலூலுவுக்குப் புறப்பட்ட அதே கம்பெனியின் அதே வகை விமானத்தில், அதே குடும்பத்து எஞ்சினின் அலகு முறிந்தது. எஞ்சின் உறையின் துண்டுகள் வீட்டுக் கூரைமேலும் விளையாட்டுத் திடலிலும் விழுந்தன. நல்ல வேளை, எவருக்கும் காயமில்லை. முறிந்த அலகின் ஏட்டைப் புரட்டினார்கள். 2016-இல் படம் பிடித்திருந்தனர். அந்தப் படத்தை 2018-இல் மறுபடியும் பார்த்திருந்தனர். சோதனைக்குப் பின் அந்த அலகு பறந்தது 2,979 முறை. அடுத்த சோதனைக்கு விதித்திருந்த இடைவெளி 6,500 பறப்பு. பாதி வழியில்கூட இல்லை. பிப்ரவரி 23-ஆம் நாள் அமெரிக்க நிர்வாகம் அவசர ஆணை பிறப்பித்தது: அந்த வகை எஞ்சினின் விசிறி அலகு ஒவ்வொன்றையும் மீண்டும் படம் பிடித்துப் பார்த்தாலன்றி, விமானம் தரையைவிட்டு எழக்கூடாது.